இயந்திரம் பேசுகிறது: யார் கூற்று?

அண்மைக் காலத்தில் நமது பல்கலைக்கழகங்களிலே ஒரு புதிய வழிபாடு தலைதூக்கியுள்ளது. முன்னர் ஏட்டை வழிபட்டோம். அதன்பின் பேராசிரியரின் விரிவுரைக் குறிப்புகளை வழிபட்டோம். இப்பொழுது திரையை வழிபடத் தொடங்கியிருக்கிறோம். பொருளியல் கற்கும் மாணவன் வரி வீதத்தைத் திரையிலே விரலால் நகர்த்துகிறான். தேசிய வருமானம் ஒரு கோடாக எழுந்து தாழ்கிறது. பௌதிகம் கற்கும் மாணவி கம்பிக்குள்ளே இலத்திரன்கள் ஓடுவதைக் காண்கிறாள். மருத்துவ மாணவன் மனித உடலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து மீண்டும் மூடிவிடுகிறான். கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் காட்சியாக்கியும், நேரிற் செய்து பார்க்க இயலாதவற்றைக் கணினியிலே போலச் செய்து காட்டியும் கற்பிக்கும் இம்முறையைச் சிமியுலேஷன் என்று வழங்குகின்றனர். நாம் போலச்செய்கை எனலாம்.

இம்முறையை ஒழிக்கவேண்டுமென்று கூற நான் வரவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், புதிதாக எதைக் கண்டாலும் ‘கண்கட்டு வித்தை’ என்று முகஞ்சுளிக்கும் ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது. வெண்கட்டியும் கரும்பலகையும் போதும் என்பர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பை மஞ்சளேறிய தாளிலிருந்து இன்றும் வாசிப்பர். அவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால், ஆசிரியர்களுக்கென நடைபெற்ற கருத்தரங்கொன்றிலே, ‘இனி விவாதம் வேண்டியதில்லை, மாதிரியுருவை ஓடவிட்டால் அதுவே விடையைச் சொல்லும்’ என்று ஒருவர் முழங்கினார். மண்டபம் கைதட்டிற்று. அந்தக் கைதட்டலை எதிர்த்தே இதனை எழுதுகிறேன்.

தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். சங்கப் பாட்டொன்றை வகுப்பிலே எடுத்ததும் நாம் முதலிற் கேட்கும் வினா என்ன? இது யார் கூற்று? தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? யாரை நோக்கி, எந்தத் துறையிற் கூறியது? பரத்தை கூற்றைத் தலைவி கூற்றெனக் கொண்டு பொருள் எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி வழங்குவதில்லை. பாட்டை இவ்வளவு கவனமாகப் படிக்கப் பழக்கும் நாம், திரை பேசும்போது மட்டும் அது யாருடைய கூற்றுமன்று, உலகத்தின் கூற்று என்று ஏற்றுக்கொள்கிறோம். போலச்செய்கை என்பது உண்மையிலே ஓர் உவமை. உவமைக்கும் பொருளுக்கும் சில தன்மைகளில் ஒப்புமை உண்டு; பலவற்றில் இல்லை. முகத்தை மதியென்றால் முகம் மாதந்தோறும் தேய்ந்து வளரும் என்று எவனும் பொருள் கொள்ளான். எதை ஒப்பிடலாம், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தெடுத்தவன் ஒருவன் அங்கே இருக்கிறான். அவனுக்கு ஊர் உண்டு, காலம் உண்டு, வர்க்கமும் உண்டு.

இதற்குச் சிறந்த சான்று கணினித் திரை பரவுவதற்கு வெகு முன்னரே, 1949 ஆம் ஆண்டில், இலண்டன் பொருளியற் கல்லூரியிலே தோன்றியது. பில் பிலிப்ஸ் என்பார் அங்கே மாணவர். நியூசிலாந்தர்; மின்பொறியியல் அறிந்தவர். இரண்டாம் உலகப் போரிலே யாவாத் தீவில் யப்பானியரிடம் சிறைப்பட்டு மூன்றரை ஆண்டுகள் முகாமிற் கிடந்தவர். போர் முடிந்தபின் இலண்டன் வந்து சமூகவியல் கற்றார். பெற்றது சாதாரண சித்தி. பொருளியல் நூல்கள் வருமானம் பாய்கிறது, சேமிப்புத் தேங்குகிறது என்று பேசுவதை வாசித்த அவருக்கு, பொறியியலாளர் என்ற முறையிலே ஓர் எண்ணம் பிறந்தது. பாய்வதும் தேங்குவதும் உண்மையானால் அதை ஏன் நீரைக் கொண்டே செய்து காட்டக்கூடாது?

குறொய்டன் என்ற புறநகரிலே, தாம் குடியிருந்த வீட்டுக்காரியின் வாகனக் கொட்டிலில் வேலை தொடங்கியது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் நியூலின் துணை நின்றார். போரில் எஞ்சிய விமான உதிரிப் பாகங்கள், ஒளி ஊடுருவும் பிளாஸ்திக்குத் தொட்டிகள், குழாய்கள், மிதவைகள், கப்பிகள். எல்லாவற்றுக்குமாகச் செலவு ஏறத்தாழ 400 பவுண். ஆளுயரத்திலும் மிக்க அந்தப் பொறியை அவ்வாண்டு நவம்பரில் பேராசிரியர் லயனல் ரொபின்ஸின் கருத்தரங்கிலே நிறுத்தி ஓடவிட்டார். சிரிப்பதற்கென்றே வந்தவர்களும் அங்கிருந்தனர் என்பர். பொறி ஓடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று. மொனியாக் என்ற பெயர் பின்னர் அதற்கு வழங்கலாயிற்று.

அது இயங்கும் விதம் வடபகுதித் தோட்டக்காரன் எவனுக்கும் ஒரு நொடியில் விளங்கக்கூடியது. வாய்க்காலும் மடையும் அறிந்தவனுக்கு அதில் மறைபொருள் எதுவுமில்லை. சாயமூட்டிய நீரே பணம். அடித்தொட்டியிலிருந்து பம்பியொன்று நீரை உச்சிக்கு ஏற்றுகிறது. அது தேசிய வருமானம். கீழிறங்கி வரும் வழியிலே ஒரு கிளை வரியாகப் பிரிந்து அரசாங்கத்திடம் செல்கிறது. மற்றொரு கிளை சேமிப்பாகப் பிரிகிறது. எஞ்சியது நுகர்வு. அரச செலவும் முதலீடும் மீண்டும் வந்து கலக்கின்றன. இறக்குமதியாக ஒரு பகுதி வெளியேற, ஏற்றுமதியாக ஒரு பகுதி உள்ளே வருகிறது. மடைகளை ஒடுக்கியோ அகலித்தோ வரியைக் கூட்டலாம், குறைக்கலாம். மிதவைகள் எழுந்து தாழப் பேனா வரைதாளிலே கோடிட்டுச் செல்லும்.

இதனைக் கற்பித்தற் கருவியாகப் பயன்படுத்தியோருள் ஜேம்ஸ் மீட் முக்கியமானவர். ஒரு மாணவனை நிதியமைச்சனாக்கி வரி மடையையும் செலவு மடையையும் அவனிடம் கொடுப்பார். இன்னொருவனை மத்திய வங்கி ஆளுநராக்கிப் பணத்தின் மடையை ஒப்படைப்பார். இருவரும் தத்தம் அறிவின்படி, மற்றவன் செய்வதைப் பொருட்படுத்தாது, வருமானத்தை ஒரே மட்டத்தில் நிறுத்த முயலவேண்டும். நீர் மட்டம் தாறுமாறாய் அலையும். கொள்கைகள் ஒன்றோடொன்று இணங்காவிடில் நேர்வது என்ன என்பதை ஒரு மணி நேர விரிவுரையிலும் அந்த அலைவு நன்றாகக் கற்பித்தது. இரண்டு பொறிகளைக் குழாயால் இணைத்து, இரு நாடுகளின் வாணிபத்தையும் காட்டினர். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போட், ஹாவாட், மெல்பேண், இஸ்தான்புல் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு இப்பொறி சென்றது. குவாத்தமாலாவின் மத்திய வங்கியும் ஒன்றை வாங்கியது. இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் ஒன்று நிற்கிறது. கேம்பிரிட்ஜிலுள்ளதைச் செப்பனிட்டு மீண்டும் ஓடவும் வைத்தனர்.

இப்பொறியை நான் பாராட்டுகிறேன். அதன் பெருமை அதன் வயிறு வெளியே தெரிந்ததில் இருக்கிறது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த மடைக்கு எந்தக் கயிறு என்பதை மாணவன் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஒழுகினால் ஒழுகலும் தெரியும். ஆசிரியரின் கோட்பாடு பிழையென்று கருதும் மாணவன் விரலைக் குழாயில் வைத்து ‘இங்கேதான் பிழை’ என்று காட்டலாம். கருத்துக்கு உடல் கொடுத்து அதனைக் கேள்விக்குள்ளாக்கும் வாய்ப்பையும் பிலிப்ஸ் சேர்த்துக் கொடுத்தார்.

ஆனால் அந்த வயிற்றினுள்ளே இல்லாதது எது?

என் உயர்தர வகுப்பிலே பிறிதொரு பாடத்தின் இடையில் இப்பொறியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். பொருளியலையும் ஒரு பாடமாகக் கற்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், தண்ணியை மேல ஏத்துறது ஆர்?” என்றாள். பம்பி என்றேன். “பம்பியைச் சுத்துறது ஆர்?” மின்சாரம் என்றேன். “அப்ப, ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டாள்.

ஒருவரும் இல்லை. அதுதான் விடயம். அப்பொறியிலே பணம் சுற்றுகிறது, உழைப்பு இல்லை. நுகர்வு என்று ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஆலை முதலாளியின் நுகர்வும் ஆலைத் தொழிலாளியின் நுகர்வும் கலந்து ஒரே நிறத்தில் ஓடுகின்றன. இலாபமும் கூலியும் அங்கே பிரிவதில்லை. செல்வத்தைத் தாழ்விலிருந்து உச்சிக்கு ஏற்றும் பெருவேலை சுவரிற் செருகிய மின்கம்பியால் நடைபெறுகிறது. மார்க்சின் ‘மூலதனம்’ முழுவதும் எந்த வினாவை எழுப்புகிறதோ, அந்த வினாவை அப்பொறி ஒரு மோட்டாரைப் பூட்டி முடித்துவிட்டது. பிலிப்ஸ் வஞ்சகர் அல்லர். தாம் கற்ற பொருளியல் எவற்றைக் கண்டதோ அவற்றுக்கு அவர் குழாய் வைத்தார். அது காணாதவற்றுக்குக் குழாய் இல்லை.

நமக்கு இது தூரத்துச் செய்தியுமன்று. இறக்குமதி என்ற அக்குழாயிலே நமது தேயிலையும் ஓடிற்று. ரொபின்ஸின் கருத்தரங்கில் நீர் ஓடிய அதே ஆண்டில் இலங்கையில் என்ன நடந்தது? 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், 1949 இல் வாக்குரிமையையும் இழந்தனர். பிரித்தானியக் குடும்பம் பங்கீட்டு அட்டையில் வாங்கிய தேயிலையைக் கொழுந்தாகக் கிள்ளியவள், இலங்கையின் வாக்காளர் இடாப்பிலும் இல்லை. இலண்டனின் பொறியிலும் இல்லை. முன்னதிலிருந்து அவளை அகற்றச் சட்டம் தேவைப்பட்டது. பின்னதில் அதுகூடத் தேவைப்படவில்லை.

இது மனிதர் இல்லாத மாதிரியுருவின் கதை. மனிதனே மாதிரியுருவான கதையும் ஒன்று உண்டு. உடற்கூற்றியலைத் திரையிற் கற்பிக்கும் முறைக்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்று அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994 இல் வெளியிட்ட படத்தொகுதி. 1993 ஓகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்திலே மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயதுக் கைதியொருவனின் உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீற்றர் கனத்திற் சீவிச் சீவி, 1,871 தளங்களாகப் படம்பிடித்தனர். உடலை விஞ்ஞானத்துக்குக் கொடுப்பதாக அவன் ஒப்பமிட்டிருந்தான். உலகெங்கும் மாணவர் தன்னைப் பிரித்துப் பார்ப்பர் என்று அறிந்து ஒப்பமிட்டவன் அல்லன். அவன் கொலைக் குற்றவாளி. அதனை நான் மறைக்கவில்லை. எனினும் 1832 இல் பிரித்தானியா இயற்றிய உடற்கூற்றியற் சட்டம் உரிமை கோருவாரற்ற ஏழைகளின் பிணங்களை, பெரும்பாலும் ஏழையர் விடுதிகளில் இறந்தோரின் உடல்களை, மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டதை நினைவுகூருங்கள். கத்தியிலிருந்து கணினிக்கு வந்துவிட்டோம். மேசையிற் கிடப்பவன் இன்னும் அதே வரிசையிலிருந்துதான் வருகிறான். அந்த மாணவர்களுக்கு இதனை ஒரு பாட வேளையில் எடுத்துச் சொல்வதால் அவர்களின் உடற்கூற்றறிவு குறைந்துவிடாது.

பழமைவாதிகளுக்கு ஒரு வார்த்தை. போலச்செய்கை போலியறிவையே தரும் என்ற அவர்கள் கூற்றுச் செல்லாது. பௌதிகத்துக்கு 2001 இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ‘ஃபெற்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் போலச்செய்கைகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அங்கே நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, மின்சுற்றைத் திரையில் அமைத்துப் பழகிய மாணவர், மெய்யான கம்பியும் மின்குமிழும் கொண்டு பழகியவர்களைவிடக் கருத்துகளை நன்கு விளங்கியிருந்தனர். மெய்யான சுற்றை அமைத்து விளக்குவதிலும் அவர்களே முந்தினர். காரணம் எளிது. மெய்யான கம்பியில் இலத்திரன் கண்ணுக்குத் தெரியாது; திரையில் தெரியும். இந்த முடிவை நாம் மனமுவந்து ஏற்கவேண்டும்.

ஆயினும் இம்முடிவைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிருவாகிகளையும் நாம் அறிவோம். மின்சுற்று என்ற ஒரு பகுதியிற் கண்டதை எல்லா ஆய்வுகூடத்திற்கும் விரித்து, ‘உபகரணம் வாங்கவேண்டாம், மென்பொருள் போதும்’ என்பார்கள். வசதியுள்ள நாட்டின் மாணவனுக்கு ஆய்வுகூடமும் உண்டு, திரையும் உண்டு. வறிய நாட்டின் மாணவனுக்குத் திரை மட்டும். 2021 இல் ஊவாவின் மலைக்கிராமமொன்றில் இணையவழி வகுப்புக்குச் சிக்னல் தேடி ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறினர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. அத்தகைய நாட்டிலே அத்திரையும் நிச்சயமில்லை. மேலும் ஒன்று: மெய்யான ஆய்வுகூடத்தில் சோதனை பிழைக்கும். கருவி பழுதாகும், அளவீடு ஒவ்வாது வரும். எதிர்பாராத விடை வரக்கூடும் என்ற அனுபவமே விஞ்ஞான மாணவனின் முதற்பாடம். எழுதியவன் விதித்த விதிக்கு மாறாகத் திரை ஒருபோதும் நடவாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிலிப்ஸின் பொறிக்கு இன்று பல வாரிசுகள் உண்டு. குழாய்கள் சமன்பாடுகளாயின, மடைகள் திரையிலுள்ள சிறு நகர்த்திகளாயின. வயிறு மட்டும் மூடிவிட்டது. நகர்த்தியை இழுக்க மாணவனுக்கு உரிமை உண்டு. குழாயைப் பார்க்க உரிமை இல்லை. உரிமம் விலைக்கு வாங்கிய மென்பொருளாயின் விரிவுரையாளருக்கே அவ்வுரிமை இல்லாதிருக்கலாம். இவ்வாறு பயின்று பட்டம் பெறுபவன் எங்கே போகிறான்? திறைசேரிக்கும் மத்திய வங்கிக்கும் போகிறான். அங்கேயும் அவன்முன் ஒரு மாதிரியுருவே வைக்கப்படுகிறது.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டமொன்றுக்கு இணங்கியது. அதனோடு வந்தது கடன் தாங்குதிறன் பற்றிய கணிப்பு. அரச கடன் 2032 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். 2027 முதல் 2032 வரை அரசின் மொத்த நிதித்தேவை சராசரியாக 13 சதவீதத்துக்குக் கீழே நிற்கவேண்டும். இவை வருங்காலத்தைப் போலச் செய்து பார்த்துக் குறித்த எண்கள். இலக்கு குறிக்கப்பட்டது, எந்த மடையை ஒடுக்கி அதனை எட்டுவது என்பது தெரிவுக்குரியது. 2023 ஜூலை முதலாம் நாள் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலே, ஒடுக்கப்பட்டது ஊழியர் சேமலாப நிதியின் மடை. 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான அந்நிதியில், தொழிலாளி தன் சம்பளத்தின் 8 சதவீதத்தையும் தொழில்தருநர் 12 சதவீதத்தையும் மாதந்தோறும் இடுகின்றனர். அந்நிதியிடமிருந்த திறைசேரி முறிகளை நீண்ட தவணைக்கும் குறைந்த வட்டிக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அதன் வருமான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்றனர். வர்த்தக வங்கிகளிடமிருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடுதல் வரி செலுத்துகின்றன, வங்கிமுறை குலையக்கூடாது என்று காரணம் கூறினர். அக்காரணத்தில் வலு இருக்கலாம், விவாதிக்கலாம். ஆனால் நாம் பெரும்பாலும் கேட்டது விவாதமன்று. ‘கணக்கு அப்படிச் சொல்கிறது’ என்ற வாய்பாட்டையே கேட்டோம்.

கணக்கு ஒன்றும் சொல்லாது. கணக்கின் வாயிலாக ஒருவர் சொல்கிறார். தைத்த ஆடைத் தொழிற்சாலையிலே இருபது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்ணின் முதுமைக்கால வட்டியைக் குறைப்பது ஓர் அரசியல் முடிவு. அதை எடுத்தவர் அதைத் தம் கூற்றாக ஒப்புக்கொள்ளவேண்டும். திரைச்சீலையின் பின்னே நின்றுகொண்டு பாவையைப் பேசவிடலாகாது. பாவையின் வாயசைவைக் கண்டு மயங்கும் அதிகாரியை உருவாக்கியது எது? மாதிரியுருவை ஓடவிட்டால் விடை வரும் என்று கைதட்டிய அந்த மண்டபந்தான்.

ஆதலால் நாம் கேட்கவேண்டியது திரை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. பல்கலைக்கழகத்தில் வைக்கும் ஒவ்வொரு போலச்செய்கைக்கும் அதன் உள்ளிருக்கும் எடுகோள்கள் யாவை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாணவர் கையிற் கொடுக்கவேண்டும். அவ்வாறு எழுதமுடியாத அளவுக்குப் பூட்டப்பட்ட மென்பொருளை, எவ்வளவு அழகாயிருந்தாலும், பொதுப் பணத்தில் வாங்கலாகாது. 1945 முதல் இலவசக் கல்வியைக் கண்ட நாட்டிலே, திறந்த மென்பொருள்கள் கிடைக்கும் காலத்தில், இது பெரிய கோரிக்கையன்று. நகர்த்தியை நகர்த்தும் பயிற்சியோடு குழாயை மாற்றும் பயிற்சியும் வேண்டும். கூலியையும் இலாபத்தையும் வெவ்வேறு நிறத்தில் ஓடவிட்டால் பிலிப்ஸின் பொறி எவ்வாறு மாறும்? இதைச் செய்து பார்க்க ஒரு மாணவனுக்கு இன்று வாகனக் கொட்டிலும் 400 பவுணும் தேவையில்லை. ஒரு சாதாரண கணினியும் ஒரு தவணை அவகாசமும் போதும்.

பரீட்சையைத் தொடாத சீர்திருத்தம் எதுவும் நம் நாட்டில் வகுப்பறைக்குள் நுழைவதில்லை. இது ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை. ஆகவே வினாத்தாளிலே, ‘மேற்படி மாதிரியுருவைப் பயன்படுத்தி வருமான மாற்றத்தைக் கணிக்குக’ என்ற வினாவுக்குக் கீழே இன்னொரு வினாவையும் அச்சிடலாம்: ‘இம்மாதிரியுருவில் இடம்பெறாதோர் யாவர்? அவர்களைச் சேர்ப்பின் விடை எவ்வாறு மாறும்?’ இதற்கு உலக வங்கியின் கடன் வேண்டியதில்லை. புதிய கட்டடமும் வேண்டியதில்லை. அடுத்த பரீட்சைக்கே சேர்க்கலாம்.